அழாத பிள்ளை

உங்கள் வீட்டில் பூனை இருக்கிறதா? இருந்தால், இன்று ராத்திரி அது நன்றாகத் தூங்கும்போது ஒரு வாட்சை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருங்கள். தொடாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அதன் விலாப்பக்கத்தை மட்டும் பாருங்கள். ஒரு தரம் ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. அரை நிமிஷம் எண்ணி, இரண்டால் பெருக்குங்கள்.

15-லிருந்து 30-க்குள் வந்தால் நீங்களும் போய் நிம்மதியாகத் தூங்கலாம். 30-ஐத் தாண்டினால் பதற வேண்டாம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம் எண்ணுங்கள். அப்போதும், மறுநாளும் அப்படியேதான் என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டியதுதான். 40-ஐத் தாண்டி நின்றால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். (மீசையும் பாதமும் துடிக்கத் துடிக்கக் கனவு காணும்போது எண்ணாதீர்கள். 'குர்ர்ர்' என்று மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதும் கணக்கு தப்பிவிடும்.)

பூனை இல்லாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

'எதற்கு எண்ண வேண்டும்? உடம்பு முடியாவிட்டால் அதுவே கத்தாதா, காட்டிக்கொள்ளாதா?' என்று கேட்பீர்கள். காட்டிக்கொள்ளாது. சிக்கலே அங்கேதான்!

நாய்க்கு மூச்சிரைத்தால் தெருவுக்கே தெரியும். நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஊரைக் கூட்டும். உடம்புச் சூட்டைத் தணிக்க அதற்கு அதுதான் வழி. பூனை அப்படி வாயைத் திறந்து மூச்சுவிடுவது அபூர்வம். கடும் வெயிலில், பயந்துபோனால், பந்தைத் துரத்திக் குதியாட்டம் போட்டால் கொஞ்ச நேரம் செய்யலாம். சும்மா உட்கார்ந்திருக்கிற பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது எமர்ஜென்சி கேஸ். அந்தக் கட்டம் வரும்வரை பல பூனைகள் வாயே திறப்பதில்லை. வழக்கமாகத் தாவி ஏறும் பீரோ மேல் ஏறாது. கட்டிலுக்கு அடியில் கொஞ்சம் கூடுதல் நேரம் இருக்கும். 'வயசாகுதில்ல...' என்று நாமே ஒரு காரணத்தைச் சொல்லி ஃபைலை மூடிவிடுவோம். பூனை எலிக்கு எமன்தான். ஆனால், தன்னைவிடப் பெரிய மிருகத்துக்கு அதுவே இரை. பலவீனத்தை வெளியே காட்டினால் கதை முடிந்தது என்பது அதன் ரத்தத்திலேயே ஊறிய பாடம்.

ஆஸ்துமா வந்த பூனை இருமுவதைப் பார்த்திருக்கிறீர்களா? இருமல் மாதிரியே இருக்காது. உடம்பைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, கழுத்தை முன்னால் நீட்டி, 'ஹக்... ஹக்...' என்று ஏதோ செய்யும். 'முடி மாட்டிக்கிச்சு, கக்கப் போகுது' என்று பழைய பேப்பரைத் தேடி எடுத்து வருவோம். அது எதையும் கக்காமல் எழுந்து போய்விடும். இப்படியே மாசக்கணக்கில் ஓடும். 'குர்ர்ர்' சத்தம் இதைவிட மோசம். சந்தோஷமாக இருக்கிறது என்று நாம் நினைப்போம். வலியிலும் பயத்திலும்கூட பூனை அதே சத்தத்தைப் போடும்! நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைக்கிற டாக்டருக்கு இதனால் வேறு எதுவும் காதில் விழாது. சிலர் பக்கத்திலிருக்கும் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவார்கள். அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு நிறுத்துகிற இடைவெளியில் நுரையீரலைக் கேட்டுவிட வேண்டும்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் பயங்கரமான பழமொழி இது. நம் வீடு, ஆபீஸ், அரசாங்கம் எல்லாமே இதன்படிதான் நடக்கிறது. சத்தம் போட்டவனுக்கு இன்கிரிமென்ட். மறியல் செய்த தெருவுக்குக் குழாய்த் தண்ணீர். அடம்பிடிக்கிற தம்பிக்குத் தீபாவளிக்குப் புதுச் சட்டை. 'பெரியவன் தங்கம், எதையும் கேக்கவே மாட்டான்' என்ற சர்டிஃபிகேட்டோடு அண்ணனுக்குப் போன வருஷத்துச் சட்டை. கேட்காதவருக்குத் தேவை இல்லை என்று எடுத்துக்கொள்வது நமக்கு எவ்வளவு வசதி பாருங்கள்! கொடுக்காதது நம் தப்பாகவே தெரியாது.

கேட்காதவர் சரி... கேட்கவே முடியாத ஒரு ஜீவனை என்ன செய்வது? தன் கஷ்டத்தைச் சொல்வது அதன் வேலையா, தெரிந்துகொள்வது நம் வேலையா?

லண்டன் நேஷனல் கேலரியில் ஓர் ஓவியம் இருக்கிறது. ஜோசப் ரைட் என்பவர் 1768-ல் வரைந்தது. ராத்திரி நேரம். மேஜையைச் சுற்றிப் பெரியவர்களும் குழந்தைகளுமாக ஒரு கூட்டம். நடுவே ஒரு கண்ணாடிக் குடுவை, அதற்குள் வெள்ளை வெளேரென்று ஒரு பறவை. குடுவைக்குள் இருந்த காற்றை ஒரு பம்ப் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. உயிர் வாழக் காற்று வேண்டும் என்று காட்ட 1660-ல் ராபர்ட் பாயில் செய்து எழுதிவைத்த பரிசோதனை இது. நூறு வருஷம் கழித்து ரைட் காலத்தில் அது ஆட்களைக் கூட்டிவைத்துக் காட்டுகிற வித்தையாகிவிட்டது. பறவை சரிந்துகொண்டிருக்கிறது. ஒரு பெண் பார்க்கச் சகிக்காமல் கண்ணை மூடிக்கொள்கிறாள். ஓரத்தில் ஒரு காதல் ஜோடி தங்களுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது, பறவையாவது, ஒன்றாவது! வித்தை காட்டுகிறவரின் கை குடுவையின் உச்சியில் இருக்கிறது. திறந்து காற்றை உள்ளே விட்டால் பறவை பிழைக்கும். விடாவிட்டால் போச்சு. அந்த மனுஷன் பறவையைப் பார்க்கவில்லை. படத்துக்கு வெளியே நேராக நம்மைப் பார்க்கிறார்.

மிருகங்களுக்கு வலி தெரியுமா, அவை வெறும் இயந்திரமா என்று ஐரோப்பாவில் நடந்த நீண்ட சண்டைக்குள் இப்போது போக வேண்டாம். ஒரு பூனையின் வாலைத் தெரியாமல் மிதித்த எவருக்கும் அதில் சந்தேகம் இராது. எனக்கு உறுத்துவது அந்தக் கை. காற்றைத் திறந்துவிடும் அதிகாரம் அங்கே ஒருவர் கையில் மட்டும் இருக்கிறது.

நம் வீட்டுக்கு வாருங்கள். தெருப்பூனைக்குப் புகை பிடிக்கவில்லை என்றால் எழுந்து அடுத்த காம்பவுண்டுக்குப் போய்விடும். வீட்டுப் பூனை போக முடியாது. வெளியே நாய் கடிக்கும், வண்டி ஏறிவிடும் என்று நல்ல எண்ணத்தில்தான் கதவைச் சாத்தி வளர்க்கிறோம். சாத்திய கதவுக்குள் என்ன காற்றைக் கொடுக்கிறோம்? காலையில் ஊதுவத்தி. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தணல் போட நேரமில்லாதவர்களுக்கு 'கம்ப்யூட்டர் சாம்பிராணி'. குளித்து வந்ததும் முகப்பவுடர். ராத்திரி கட்டிலுக்கு அடியில் கொசுவத்திச் சுருள். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவத்திகளை எரித்துப் பார்த்து 2003-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரே ஒரு சுருள் எரிந்து முடிப்பதற்குள், 75-லிருந்து 137 சிகரெட் எரிந்தால் வருகிற அளவுக்கு நுண்துகள் வருகிறதாம்! நமக்காவது பகலில் ஆபீஸ், கடைத்தெரு என்று வேறு காற்று கிடைக்கிறது. பூனைக்கு 24 மணி நேரமும் இதுதான் உலகம். சுருளை வைக்கிற தரையின் உயரம்தான் அதன் மூக்கின் உயரமும்.

'அப்ப டெங்கு வந்தா பரவாயில்லையா சார்?' என்று கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள் என்று சொல்லிவிடுவேன். பாட்டியிடம் போய் சாம்பிராணியை நிறுத்தச் சொல்லுகிற தைரியம் எனக்கு இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, புகை அடங்கும்வரை பூனையை அடுத்த அறையில் விடலாம். பாட்டிக்கும் மனக்குறை இருக்காது.

இதையெல்லாம்விட என்னைச் சங்கடப்படுத்துவது ஒன்று உண்டு. நம் ஊர் செல்லப்பிராணிக் கடைகளில் பெர்ஷியன் பூனைகளுக்கு ஏக கிராக்கி. மூக்கு எவ்வளவு சப்பையோ அவ்வளவு விலை. பெரிய கண், உருண்டை முகம், இருக்கிறதா என்று தேட வைக்கும் மூக்கு... கைக்குழந்தையின் முகம் அது! இப்படிப்பட்ட முகத்தைப் பார்த்தால் நம்மை அறியாமலே தூக்கிக் கொஞ்சத் தோன்றும் என்று கோன்ராட் லோரன்ஸ் என்கிற விலங்கியல் விஞ்ஞானி 1943-லேயே எழுதினார். 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பெரிய பூனைக் கண்காட்சி நடந்தபோது பெர்ஷியன்களுக்கு ஓரளவு மூக்கு இருந்தது. பிறகு தலைமுறை தலைமுறையாகச் சப்பை மூக்குக்கும் சப்பை மூக்குக்கும் ஜோடி சேர்த்து, எலும்பைச் சுருக்கினோம். எலும்பு சுருங்கிய அளவுக்கு உள்ளே இருக்கும் சதை சுருங்கவில்லை. மூக்குத் துவாரம் கோடு மாதிரி ஆகி, தூக்கத்தில் குறட்டைவிடும். அதையும் 'பாருங்க, எவ்ளோ க்யூட்!' என்று படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்புகிறோம். பிறந்த நாளிலிருந்து கொஞ்சம் மூச்சு முட்டிக்கொண்டே வாழும் ஓர் உயிரை, நம் கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்பதற்காக உண்டாக்கியிருக்கிறோம். ஏற்கெனவே வளர்க்கிறவர்கள் அதை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கப் போகிறவர்கள் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். பைசா செலவில்லாமல் கிடைக்கும் நம் ஊர்ப் பூனைக்கு மூக்கு மூக்காகவே இருக்கிறது!

அன்பு இருந்தால் போதுமே என்பார்கள். போதாது. மூச்சு வாங்குகிற பூனையின் உடம்பைத் தொட்டால் சுடுகிறது என்று, வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துப் பாலில் கலந்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்கிற 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, நாலு கிலோ பூனையைக் கொன்றுவிடும். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. சிவப்பணுக்கள் கெட்டு, ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு பழுப்பாகிவிடும். மூச்சுத்திணறலுக்கு மருந்து என்று கொடுத்தது, மூச்சையே நிறுத்திவிடும். சளிக்குத் தடவுகிற தைலம், கற்பூரம், நீலகிரித் தைலம் எல்லாமே அதற்கு ஆகாதவை. கொடுத்தவர் கெட்டவரா? இல்லவே இல்லை. ராத்திரியெல்லாம் கண் விழித்தவர்! இன்னா செய்யாமை அதிகாரத்தில் வள்ளுவர் பிற உயிரின் நோயையும் நம் அறிவையும் ஒரே குறளில் முடிச்சுப் போடுகிறார். அவர் பாசத்தை விட்டுவிட்டு அறிவைக் கணக்குக் கேட்டது ஏன் என்று இப்போது புரிகிறது.

அன்பு தடுக்கி விழுகிற இன்னொரு இடமும் உண்டு. மூச்சுக்குத் தவிக்கிற பூனையைப் பார்த்தால் நம் கை என்ன செய்யும்? அள்ளி நெஞ்சோடு அணைக்கும். குடும்பமே சுற்றி நிற்கும். ஒருவர் தண்ணீர் புகட்டுவார், ஒருவர் முதுகைத் தடவுவார். அந்த நேரத்தில் பூனைக்கு வேண்டியது இது எதுவுமே இல்லை. இறுக்கிப் பிடித்தால் அது திமிறும். திமிறினால் இருக்கிற கொஞ்சநஞ்ச ஆக்ஸிஜனும் செலவாகும். விவரம் தெரிந்த டாக்டர்கள் எக்ஸ்ரேகூட உடனே எடுப்பதில்லை. முதலில் ஆக்ஸிஜன் கூண்டுக்குள் விட்டு, கையை எடுத்துக்கொண்டு, தள்ளி நின்று பார்ப்பார்கள். நீங்களும் அதை ஒரு கூடையில் விட்டு, மேலே துணியைப் போட்டு, சத்தமில்லாமல் கொண்டுபோய்ச் சேருங்கள். ஆட்டோவில் போகும்போது கூடைக்குள் கையை விடாதீர்கள். தொட்டுக்கொண்டே இருந்தால் நம் பதற்றம்தான் தணியும்.

'பூனைக்குப் போயா இவ்வளவும்? இங்கே மனுஷனுக்கே மூச்சுவிட வழியில்லை!'

இதைச் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரரைச் சட்டென்று கல்நெஞ்சக்காரர் என்று முத்திரை குத்திவிட மாட்டேன். 2021 மே மாதம் ஆக்ஸிஜன் படுக்கைக்காக ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றதைப் பார்த்த ஊர் இது. இன்ஹேலர் வாங்கக் காசில்லாமல் இருமிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மனிதரின் மூச்சும் பூனையின் மூச்சும் ஒரே எடையா என்று கேட்டால், இல்லை என்றுதான் நானும் சொல்வேன். ஆனால், இந்தக் கேள்வி எப்போது வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? புதுசாக டி.வி. வாங்கும்போது வராது. கல்யாணத்தில் நூறு இலைச் சாப்பாடு குப்பைக்குப் போகும்போது வராது. பூனையின் மருந்துச் சீட்டைப் பார்க்கும்போதுதான் ஏழையின் ஞாபகம் நமக்கு வருகிறது.

அந்த ஏழை என்ன நினைக்கிறார் என்று தெரிய வேண்டுமானால், சென்னை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் காலையில் போய்ப் பாருங்கள். அங்கே இருக்கும் கல்லூரி 1903-ல் தொடங்கியது. காரில் வந்து இறங்குகிறவர்களுக்குப் பக்கத்திலேயே, கட்டைப்பையில் பூனையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தவரும் சீட்டுக்கு நிற்பார்.

எல்லாப் பூனைக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று நான் வாதாட வரவில்லை. வெளியே போகவிடாமல் நாம் தாழ்ப்பாள் போட்ட பூனைக்குக் கடன்பட்டிருக்கிறோம். அதற்குச் சொல்லவும் தெரியாது, எழுந்து போகவும் முடியாது. இரண்டு வழியும் அடைபட்ட ஒருவருக்குத் தாழ்ப்பாள் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. படுக்கையில் கிடக்கிற தாத்தாவின் அறையில் ஃபேனைப் போட்டுவிட்டு, 'காத்து போதுமாப்பா?' என்று ஒரு வார்த்தை கேட்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போகிறோமே, அங்கேயும் இதே கணக்குதான். (பூனை இல்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது என்று சொன்னேன் இல்லையா?)

ஆஸ்துமா பூனைக்கு இன்று நல்ல வைத்தியம் இருக்கிறது. மனிதர்களுக்கு விற்கிற அதே இன்ஹேலர்தான். முகத்தில் பொருத்தச் சின்ன மாஸ்க், நடுவில் ஒரு குழாய். டாக்டர் சொன்ன அளவை அழுத்தி, ஏழெட்டு மூச்சு இழுக்கும்வரை பிடித்திருக்க வேண்டும். கேட்கச் சுலபம்! முதல் நாளே முகத்தில் வைத்து அழுத்தினால் மறுநாள் மாஸ்க்கைப் பார்த்ததும் பீரோவுக்குப் பின்னால் போய்விடும். வெறும் மாஸ்க்கைத் தரையில் வைத்து, பக்கத்தில் ஒரு துண்டு மீன். அடுத்த சில நாள், மூக்கு மாஸ்க்கில் பட்டால் மீன். பிறகு ஒரு நொடி, இரண்டு நொடி. வாரக்கணக்கில் ஆகும். 'எனக்குச் சம்மதம்' என்று அது ஒருநாளும் சொல்லப் போவதில்லை. அதன் நன்மைக்காகவே என்றாலும், இன்னொரு உயிரின் முகத்தை மூடுகிறோம். அந்தக் கூச்சம் கையில் இருக்கிறவரைக்கும் நம் பிடி முரட்டுத்தனமாகாது.

எல்லா மூச்சுத்திணறலும் ஆஸ்துமா இல்லை. இதயம் பலவீனமாகி, நுரையீரலிலோ அதைச் சுற்றியோ நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. சுற்றிக் கோத்த நீரை ஊசி போட்டு இழுத்தால் சில நிமிஷத்திலேயே பூனை ஆசுவாசமாகும். திரும்பத் திரும்பச் சேர்ந்தால்? ஒருநாள் டாக்டர் தயங்கித் தயங்கி அந்தப் பேச்சை எடுப்பார். 'நாம யாரு டாக்டர் அதை முடிவு பண்ண?' என்பார்கள் நம் வீடுகளில். அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. எஃப்.ஐ.பி. என்று ஒரு வைரஸ் நோய். வயிற்றிலும் மார்பிலும் நீர் சேரும். வந்தால் சாவுதான் என்று எழுதிவைத்திருந்தார்கள். கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு புது மருந்தைக் கொடுத்துப் பார்த்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள்; பெரும்பாலான பூனைகள் பிழைத்துவிட்டன. கொரோனா சமயத்தில் நம் காதில் அடிபட்ட ரெம்டெசிவிருக்கு மிக நெருங்கிய சொந்தம் அந்த மருந்து. ஆகவே, என்ன நோய் என்று தெரியும்வரை முடிவைப் பற்றிப் பேசக் கூடாது. தெரிந்த பிறகும், வழியெல்லாம் அடைபட்ட பிறகும் பேசாமலே தள்ளிப்போட்டால், அதுவும் நாம் எடுத்த முடிவுதான். பசியைப் பொறுக்கலாம், வலியைக்கூடக் கொஞ்சம் பொறுக்கலாம். மூச்சுமுட்டலைப் பொறுப்பது என்று ஒன்று கிடையாது.

மாம்பலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், பேங்கில் வேலை பார்த்து ரிட்டயரானவர், பால் கணக்கு நோட்டிலேயே தன் பூனையின் மூச்சுக் கணக்கையும் எழுதி வந்தார். தேதி, அரை லிட்டர், 26. தேதி, அரை லிட்டர், 28. அதற்கு 14 வயசு, இதய நோய்தான். மூன்று தரம் நீர் எடுத்தாயிற்று. நாலாவது தரம் போனபோது நோட்டையும் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டினார். டாக்டர் எல்லாப் பக்கத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, "ராத்திரி படுத்துத் தூங்குதா சார், இல்ல உக்காந்தேதான் இருக்கா?" என்று கேட்டார். படுத்தால் மூச்சு விட முடியாத பூனை, முழங்கையை அகட்டி வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்தே இருக்கும்.

பெரியவர் நோட்டை வாங்கிப் பையில் வைத்தார். பதில் சொல்லவில்லை. அவர் மனைவிதான் சொன்னார்: "நாலு நாளா அது படுக்கவே இல்ல டாக்டர்."